ஆறு கட்டில் அறையும் ஒரு முகூர்த்தப் புடவையும்

ஹாஸ்டல் என்றால் எனக்குத் தெரிந்தது பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம். வார்டன் இருப்பார், சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டை மூடுவார். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிற என் மகள் ரேவதி, வீட்டில் இருந்தபடியே போனில் தேடி கோலாலம்பூரில் எனக்குப் பிடித்துக் கொடுத்த ஹாஸ்டலில் வார்டனும் இல்லை, கேட்டும் இல்லை. ஒரே அறை. அதில் அடுக்குக் கட்டில் மூன்று. மேலே மூன்று பேர், கீழே மூன்று பேர். ரயில் பெட்டி ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து மாடியில் வைத்துவிட்ட மாதிரி.

"பக்கத்துலயே மாரியம்மன் கோயிலு இருக்குதும்மா" என்று ரேவதி சொன்னாள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மன் பக்கத்தில் இருந்தால் போதாதா? அம்மனுக்கும் எனக்கும் நடுவில் இத்தனை பெண்கள் படுத்திருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

நான் போனது ஊர் சுற்ற அல்ல. நாங்கள் ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள். வீட்டுக்காரர் தறியில் உட்காருவார். நான் நூல் சுற்றித் தருவேன், நெய்து முடித்த புடவையின் முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவேன். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளான் என்ற ஊரில் ஒரு குடும்பம். அவர்களுடைய முன்னோர் எங்கள் ஜில்லாவில் தேசூர்ப் பக்கம். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை ஆரணித் தறியிலிருந்துதான் வரவேண்டும், அதையும் நெய்தவர் வீட்டு ஆளே கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. வீட்டுக்காரருக்கு வேலூர் பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். ஆகையால் எட்டாம் வகுப்பு வரை படித்த நான், பச்சைக் கரை போட்ட அரக்குப் புடவை ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விமானத்தில் பறந்தேன்.

புதன்கிழமை போய்ச் சேர்ந்தேன். ஞாயிறு கல்யாணம். நடுவில் வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்குப் புடவையை ஒப்படைப்பது. அது கோடியாகப் போக வேண்டும். அதாவது, முதலில் உடுத்துகிறவள் மணப்பெண்ணாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னொருத்தி உடம்பில் ஏறக்கூடாது. இது ஒன்றுதான் என் வேலை. சுலபமான வேலைதான், ஹாஸ்டல் என்று ஒன்று இல்லாதிருந்தால்.

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் தமிழ்ப்பெண். பெயர் தேவி. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள். என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டீங்களா அக்கா?" என்றாள். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர்கள் இப்படிக் கேட்டால் அடுத்ததாக ஏதோ வேலை சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம். இவள் ஒரு வேலையும் சொல்லவில்லை. சாவி என்று ஓர் அட்டையைக் கொடுத்தாள். அதைக் கதவில் காட்டினால் திறக்கும் என்றாள். பத்து தரம் காட்டினேன். கதவு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் உள்ளே இருந்து ஒரு ஜப்பான்காரம்மா திறந்துவிட்டார்.

அவருக்கு எழுபது வயது இருக்கும். என்னைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினார். நான் கும்பிட்டேன். அவர் மறுபடியும் வணங்கினார். பெரியவர் வணங்கும்போது நான் சும்மா நிற்கலாமா? மறுபடியும் கும்பிட்டேன். இப்படியே கொஞ்ச நேரம் போனது. முதலில் நிறுத்துகிறவர் மரியாதை தெரியாதவர் என்று இருவருமே நினைத்தோம் போலிருக்கிறது. நல்லவேளையாக என் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

அந்த அம்மா தன் சாமான் ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். சீப்புக்கு ஒரு கவர், சீப்பு போட்ட கவருக்கு ஒரு கவர். விடியற்காலையில் அவர் பையைத் திறந்தால் யாரோ அப்பளம் பொரிக்கிறார்கள் என்று எனக்குப் பசி எடுக்கும்.

எதிர்க் கட்டிலில் ஒரு கொரியாப் பெண். அவள் மனிதர்களோடு பேசுவதில்லை. குச்சியில் மாட்டிய போனோடுதான் பேசுவாள். தலை வாரினால் போனிடம் சொல்வாள், நூடுல்ஸ் உறிஞ்சினால் போனிடம் காட்டுவாள். நான் இட்லிப் பொடியில் எண்ணெய் குழைத்தபோது அதையும் பக்கத்தில் வந்து பிடித்துக்கொண்டாள். கொரியாவில் எத்தனை பேர் என் இட்லிப் பொடியைப் பார்த்து வாயூறினார்களோ, கண்பட்டிருக்கும். மறுநாளே மூடி திறந்து பையெல்லாம் பொடி.

மேல் கட்டில் ஒன்று காலி, இன்னொன்றில் ஒருத்தி. அவள் எந்த நாடு, என்ன வயது, எதுவும் தெரியாது. பகலெல்லாம் போர்வைக்குள் தூங்குவாள். ஒரு பாதம் மட்டும் வெளியே தொங்கும். நான்கு நாளும் எனக்குக் கிடைத்தது பாத தரிசனம் மட்டுமே. திருமுகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

என் தலைக்கு மேல் கட்டிலில் இருந்தவள்தான் பார்வதி. ஊர் ஹாலந்து. ஆறடி உயரம், ஐம்பது வயது, வெள்ளை முடி. அவளுடைய சொந்தப் பெயர் வேறு. ரிஷிகேசத்தில் யாரோ சாமியார் வைத்த பெயராம் பார்வதி. இடது கெண்டைக்காலில் பிள்ளையாரைப் பச்சை குத்தியிருந்தாள். அவள் ஏணியில் ஏறி இறங்கும்போதெல்லாம் பிள்ளையார் என் மூக்குக்கு நேராக ஏறி இறங்குவார். நான் என்ன செய்வேன்? ஒவ்வொரு தரமும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்து அவளும் கும்பிட்டாள்.

பேசுவதற்கு ரேவதி என் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். நாம் தமிழில் சொன்னால் அவர்கள் மொழியில் சொல்லும். அவர்கள் சொன்னால் தமிழில் சொல்லும். என்ன தமிழ் என்கிறீர்கள்? தாலுகா ஆபீஸிலிருந்து வருகிற கடிதம் மாதிரி. முதல் நாள் நான் தேவியிடம் வாங்கிய டீயில் வாய் வைத்ததும் பார்வதி ஏதோ சொன்னாள். ஆப் கணீரென்று அறிவித்தது: "வெள்ளைச் சர்க்கரை நஞ்சாகும். தாங்கள் அதனைத் தவிர்த்தல் நலம்."

பிறகு மஞ்சள் உடம்புக்கு நல்லது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். விரதம் இருந்தால் மனசு அடங்கும் என்றாள். முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமை ஒருவேளை சாப்பிடுகிறவளிடம்! நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஹாலந்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து சொல்கிறாளே.

வியாழக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினால் அவளும் கூட வந்தாள். கோபுரம், மேளம், அபிஷேகம் எல்லாம் நம்மூர் போலவே. தரை மட்டும் நம்மூரில் இல்லாத சுத்தம். விழுந்து கும்பிட யோசிக்கவே வேண்டாம். நான் கண்ணை மூடி, புடவை நல்லபடி போய்ச் சேரட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டிருக்கும்போது தோளைத் தட்டினாள். "தாங்கள் மூச்சினை வயிற்றிலிருந்து இழுக்க வேண்டும்" என்றது ஆப், சன்னதியே திரும்பிப் பார்க்கும்படி. குருக்கள் கற்பூரத்தட்டோடு நின்றுவிட்டார்.

வெளியே வந்ததும் நானும் விடவில்லை. சாமியைக் காலில் வைக்கக் கூடாதம்மா, பாவம் என்று ஆப்பில் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவர் என்னுடன் நடக்கின்றார்."  போய் ஆளுக்கொரு ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம்ம பரோட்டாவின் பணக்கார அண்ணன் அது. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. மத்தியானம் வாழை இலையில் சோறு. ஆரணி அரிசி சாப்பிட்ட வாய்க்கு அந்தச் சோறு கொஞ்சம் வீம்பு பிடித்தது, குழம்போடு சேரமாட்டேன் என்றது. ஆனாலும் பரிமாறினவர் மூன்றாவது தரம் வந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்றார். நம்மூர் ஓட்டலில் இரண்டாவது தரம் கேட்டாலே நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை எட்டு மணி இருக்கும். குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கத்துச் சின்ன மேசையைத் துடைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முகூர்த்தப் புடவையைக் கை மாற்றுகிற நாளில் அதை மஞ்சள் துணிமேல் வைத்து, அம்மனை நினைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் வாசல் தாண்ட விடுவோம். ஊர் மாறினால் வழக்கம் மாறுமா? டிபன் பாக்ஸ் மூடியைத் திருப்பி வைத்து, இரண்டு வில்லை கற்பூரம் போட்டு ஏற்றினேன். ஜப்பான்காரம்மா கவர் மடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வணக்கமாக நின்றார். கொரியாப் பெண் போனை என் பக்கம் திருப்பினாள். பார்வதி குளிக்கப் போயிருந்தாள். பாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது சுற்றில் மணி அடித்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கற்பூரம் காட்டும்போது மணி அடிக்கிறது என்றால் இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து அப்படித்தானே பார்க்கிறேன். பக்கத்துக் கோயிலில் அடிக்கிறார்கள், அதுவும் என் புடவைக்குச் சரியாக அடிக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். மணி நிற்கவில்லை. மணி அடிக்கும்போது கற்பூரத்தை இறக்கலாமா? நானும் நிறுத்தவில்லை. மணி நீண்டுகொண்டே போகிறதே, நடுவில் தீர்ந்து அபசகுனம் ஆகிவிடப்போகிறதே என்று இன்னும் இரண்டு வில்லை போட்டேன்.

கதவு படாரென்று திறந்தது. தேவி.

"அக்கா! அணைங்க அக்கா! ஃபயர் அலாரம்!"

"சாமி கற்பூரத்த ஊதி அணைக்கக் கூடாதும்மா. தானா மலையேறும், இரு."

"ஐயோ, மலையேறுற வரைக்கும் தாங்காதுக்கா! மேல பாருங்க!"

மேலே பார்த்தேன். என் தலைக்கு நேராகக் கூரையில் ஒரு வெள்ளை வட்டம் சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அலறியது. நான் கோயில் மணி என்று நினைத்துப் பக்தியோடு தீபாராதனை காட்டியது அதற்குத்தான். தேவி ஓர் ஈரத் துண்டை மூடிமேல் போட்டு அமுக்கினாள். மணி அடித்துவிட்டால் எல்லோரும் தெருவுக்குப் போயே ஆக வேண்டும் என்பது சட்டமாம். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"என் புடவ! புடவ மேசமேல இருக்குதும்மா!"

"புடவைக்குக் கால் இல்லக்கா, எங்கயும் போகாது, வாங்கலா!" அவசரத்திலும் அந்த ஊர் 'லா' விட்டுப்போகவில்லை.

தெருவில் நாற்பது பேர் நின்றார்கள். ஷேவிங் சோப்போடு ஒருவர், தலையணையோடு ஒருவர். ஜப்பான்காரம்மா முப்பது கவர்களையும் கொண்டுவந்திருந்தார். கொரியாப் பெண் போனிடம் என்னைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தேவி ஆட்களை எண்ணினாள். "பார்வதி வரல. மேல் கட்டில் பொண்ணும் வரல." பாதம் எழுந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

பார்வதி வந்தாள்.

மாடிப்படி இறங்கி, ஆறடி உயரமும், ஈரத் தலையும், வெறுங்காலுமாக வந்தாள். உடம்பில் என் அரக்குப் புடவை. அதைக் கட்டவில்லை, மெத்தையைச் சுருட்டுவது போல அக்குளுக்குக் கீழே மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள். கரை தலைகீழ். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து கட்டிய குஞ்சம் எல்லாம் உள்ளே. மறுமுனையில் ரவிக்கைத் துணி வால் மாதிரி படியில் இழுபட்டு வந்தது.

"அடிப்பாவி! அவுருடி!" என்று கத்தினேன். அவிழ்த்தால் நடுத்தெருவில் அவள் கதி என்ன என்பது பிறகுதான் உறைத்தது. "வேணா வேணா, அவுக்காத!" என்று ஓடிப்போய் நானே பிடித்துக்கொண்டேன்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். பெரிய காரியம் செய்தவள் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். என் இடுப்பில் செருகியிருந்த போனில் ஆப் அறிவித்தது: "தங்களது புனிதத் துணி தீக்கிரையாகாமல் காப்பாற்றியுள்ளேன். என் துண்டு மிகவும் சிறியது. ஆகவே அணிந்துகொண்டு வந்தேன்."

குளித்துவிட்டு வந்தவள் புகையைப் பார்த்திருக்கிறாள், எல்லோரும் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். தன் பெட்டியை எடுக்கவில்லை, பாஸ்போர்ட்டை எடுக்கவில்லை. என் புடவையை எடுத்திருக்கிறாள். இவளை நான் திட்டுவதா, கும்பிடுவதா?

உள்ளே போனதும் வீட்டுக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டே சொன்னேன். வீட்டுக்காரர் ஆளைப் பற்றிக் கேட்கவில்லை.

"தண்ணி பட்டுதா?"

"முடியிலர்ந்து ரெண்டு சொட்டு. தொடச்சிட்டேங்க."

"ஜரிக ஒடிஞ்சிதா?"

"இல்ல."

"தரையில இழுத்தாளே, நூலு எதுனா எழும்பி இருக்குதா பாரு."

"எல்லாம் பாத்துட்டேங்க. ஒண்ணும் ஆவல. கோடி போச்சே, அத இன்னா பண்றது?"

"இரு, தறிய நிறுத்திட்டு வரேன்" என்றார்.

நான் பேசி முடிப்பதற்குள் ஜப்பான்காரம்மா புடவையைக் கட்டிலில் விரித்து மடிக்கத் தொடங்கியிருந்தார். பழைய மடிப்புத் தடம் பார்த்து, விரலால் நீவி நீவி, ஒரு நூல் பிசகாமல் மடித்தார். தறியிலிருந்து இறக்கிய அன்றுகூட அது அவ்வளவு அழகாக இல்லை. யார் பார்த்தாலும் கோடிப் புடவைதான். தேவி பார்த்துவிட்டு, "யாருக்குக்கா தெரியப் போவுது? கம்முன்னு குடுத்துட்டு வாங்க" என்றாள்.

போனில் இன்னும் வீட்டுக்காரர் இருந்தார். "இன்னாமே சொல்றா அந்தப் பொண்ணு?"

"சொல்லாம குடுத்துடுன்றா."

"குடுத்துட்டு உன்னால சோறு துன்ன முடியுமா?"

"முடியாது."

"அப்ப சொல்லிட்டு குடு. பேஜாரு வேணாம்."

கிள்ளானுக்கு ரயில். ரயில் வருவதற்கு முன்னாலேயே எந்த இடத்தில் கதவு வரும் என்று தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்; சனங்கள் அந்தக் கோட்டில் சாமி கும்பிடுவது போல வரிசையாக நிற்கிறார்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டில் தேவிகாபுரம் பஸ்ஸுக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்தவள் நான். வரிசையில் நிற்கும்போது கை பரபரத்தது.

பெண்ணின் அம்மா வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். நல்ல மனுஷி. குடிக்கப் பால் கொடுத்தார். தாம்பாளத்தில் புடவையை வைத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நான் எல்லாவற்றையும் சொன்னேன். கற்பூரம், மணி, நடுத்தெரு, வால். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

புடவையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். "அந்த வெள்ளக்காரம்மா சுமங்கலிதானே?"

எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை, மஞ்சள், மூச்சு எல்லாம் பேசியிருக்கிறோம், இதைக் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் ஒரு பதில் சொல்லணும். புருஷன் இருக்கிறவங்க கட்டுனதுன்னா ஆசீர்வாதம்னு வெச்சுக்கலாம். கேட்டுட்டு ஒரு போன் பண்ணுங்க. புடவை உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சரியான கேள்வி, நமக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே எதிர்ப்பக்க ரயிலில் ஏறிவிட்டேன். அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இறங்கிப் பார்த்தால் துறைமுகம், கப்பல், கடல். இந்த ஊரில் கண்டக்டர் இருந்தால், "யம்மா, எங்க போறே?" என்று ஒரு குரல் கொடுத்திருப்பார். கதவுக்குக் கோடு போடத் தெரிந்தவர்களுக்கு அது தெரியவில்லை. திரும்பி வந்து சேர மூன்று மணி ஆனது.

பார்வதி சமையல் மேடையில் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தாள். பாதியை என் பக்கம் தள்ளினாள். நான் போனை எடுத்து விரலால் எழுதினேன்: உங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரா?

படித்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். அவள் பேசினதை ஆப் சொன்னது: "இல்லை. என் கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் காலமானார். தாங்கள் எதற்காக வினவுகிறீர்கள்?"

சர்க்கரை நஞ்சு என்று சொன்ன அதே குரல். அந்த ஆப்புக்கு ஒரே குரல்தான்.

எதற்காக வினவுகிறேன்? இதற்கு நான் பதில் எழுத வேண்டும். உன் புருஷன் செத்துப்போனதால், நீ தீயிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த புடவை ஆகாமல் போய்விட்டது என்று எழுத வேண்டும். எங்கள் சாமியைத் தேடி இவ்வளவு தூரம் வந்தவளுக்கு, எங்கள் சாமி பேரைச் சொல்லி இதை எழுத வேண்டும். 

எங்கள் தெருவில் புதுப் பாவு நூலைத் தறியில் ஏற்றுகிற நாளில் நான் வாசலில் நின்று, எதிரே யார் வருகிறார்கள் என்று பார்ப்பேன். நாலாவது வீட்டு விமலாக்கா வந்தால், "அக்கா, ஒரு நிமிஷம் அங்கயே நில்லுக்கா" என்பேன். அவர் நிற்பார். சில நாள் வெயிலில். பத்து வருஷமாக நிற்கிறார். எதற்கு என்று அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. இவள் கேட்டுவிட்டாள்.

சும்மாதான் என்று எழுதினேன்.

அவள் நம்பிவிட்டாள். புருஷனைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டினவராம். பிள்ளைகளைவிட அவர்தான் சத்தமாகப் பாடுவாராம். வேலையை விட்ட பிறகு இருவருமாக ஊர் ஊராகச் சுற்றுவது என்று இருந்தார்களாம். பேர் சொன்னாள். சின்னப் பேர், யான். என் வாயில் சுலபமாக நுழைந்தது. "நல்ல பேரு" என்றேன். இருவரும் பப்பாளி தின்றோம். சர்க்கரையே போடாமல் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் கிள்ளானுக்குப் போன் செய்தேன். "அவங்களுக்குப் புருஷன் இல்லம்மா. ஆனா புடவைக்கு ஒரு கொறையும் இல்ல. கற்பூரம் கொளுத்துனது நானு. அவங்க எடுத்துகினு வரலன்னா, அது புகையிலயே கெடந்திருக்கும்" என்றேன்.

பெண்ணின் அம்மா கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. கல்யாணம்னா நாலு பேரு வருவாங்க, நாலு வார்த்தை பேசுவாங்க. நாங்க இங்கயே ஒண்ணு எடுத்துக்கறோம். நீங்க கட்டாயம் கல்யாணத்துக்கு வாங்க" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் என் வீட்டில் இது நடந்திருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன், இவ்வளவு மரியாதையாகக்கூட அல்ல.

பையைக் கட்டினேன். பார்வதி ஏணியில் இறங்கி வந்தாள். பிள்ளையார் முதலில் இறங்கினார். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "மணப்பெண்ணுக்கு ஆடை பிடித்திருந்ததா?" என்று கேட்டது ஆப்.

"பிடிக்கும்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரை நினைத்துச் சொன்னேன் என்று எனக்கே புரிந்தது.

வராந்தாவுக்கு வந்து ரேவதிக்குப் போன் போட்டேன். எதையும் மறைக்கவில்லை. பார்வதிக்குப் புருஷன் இல்லை என்பது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"தை மாசம் உனக்கு முகூர்த்தம் வெச்சிருக்கோம். அப்பாவும் உனக்கு நெய்யறேன் நெய்யறேன்னு சொல்லிகினே இருக்காரு."

"ஆமா, ஆர்டரெல்லாம் முடியட்டும்ன்றாரு. என் புள்ளைக்குக் காது குத்தறப்போ குடுப்பாரு."

"இந்த அரக்குப் புடவைய நீ கட்டிக்கிறியாடி?"

 தறிச் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் குரல்: "கொண்டாரச் சொல்லு! இன்னொரு தபா அந்த மாதிரி நெய்ய என்னால ஆவாது!"

"மாப்ள வூட்ல எதுனா கேட்டா?" என்றேன். எனக்குத்தான் பயம்.

"கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ இத சொல்லு, அந்தம்மா எப்பிடிம்மா கட்டியிருந்தாங்க?"

"எங்க கட்டினா? மூணு சுத்து சுத்தி, முந்திய இடுப்புல சொருகிகினு, கர தலைகீழா, வாலு மாதிரி ரவிக்கத் துணிய இழுத்துகினு..."

அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"அப்ப அந்தப் புடவைய இன்னும் யாரும் ஒழுங்கா கட்டவே இல்லியேம்மா. நான்தான் மொதல்ல. பத்திரமா எடுத்துகினு வா."